பாதை பழுதான காலை

ஊர்காவற்றுறையில் எங்களுக்கு உதைபந்தாட்டம் பழக்க வந்தவருக்குத் தொப்பை முன்னே வரும், தொப்பி பின்னே வரும். விசில் எந்நேரமும் வாயில் இருக்கும். பேசுவதற்கு மட்டுமே அதை எடுப்பார். எடுத்தால் ஒரே பேச்சுத்தான்: "கட்டுப்பாடுதான் தம்பிமார், வாழ்க்கைக்குப் பாதை."

அவர் காரைநகரிலிருந்து வருபவர். இடையிலுள்ள கடலைத் தாண்ட ஒரு மிதவைப் படகு ஓடும். எங்கள் ஊரில் அதற்கும் பாதை என்றுதான் பெயர்.

காலை ஆறரைக்குப் பயிற்சி. ஒரு நிமிடம் பிந்தினால் மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும். எங்கள் கோல்கீப்பர் கடலில் வலை இழுத்துவிட்டு உப்புக் காயாத காலோடு பிந்தி வருவான்.

"காத்து மாறிப்போச்சுது சேர்."

"காத்தைச் சாட்டுச் சொல்லாதையும். ஓடும்."

ஒருநாள் நாங்கள் எல்லோரும் நேரத்துக்கு வந்து வரிசையில் நின்றோம். அவர் அரை மணி நேரம் பிந்தி, வியர்வையைத் துடைத்தபடி வந்தார்.

"பாதை பழுதாப் போச்சுது," என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. கோல்கீப்பர் மட்டும் மிகப் பணிவாகக் கேட்டான்: "அப்ப முப்பது சுற்றோ, சேர்?"

அவர் கொஞ்சமும் கூசவில்லை. "நான் ஓடினா ஆர் விசில் ஊதுறது?" என்று கேட்டு, விசிலை வாயில் வைத்து எங்களை ஓடவிட்டார்.

இன்றைக்கும் எங்கே போனாலும் பத்து நிமிடம் முந்திப்போய் நிற்கிறேன். இதை யாரிடம் பழகினீர் என்று கேட்பவர்களிடம், அப்பாவிடம் என்று பொய் சொல்கிறேன்.