கரோல் பட்டியலில் விடுபட்ட வீடு: ஓலைத்தொடுவாயில் ஒரு மழை நாள்

நான் வேலை செய்யும் கந்தோரில் கிறிஸ்மஸ் ஒளிவிழா என்றால் ஆளுக்கொரு பரிசுப் பொதி கட்டிக்கொண்டு வந்து, தேவைக்கு மேல் சிரிக்கவும் வேண்டும். இந்த வருடம் எனக்கு அதற்குத் தெம்பில்லை. நத்தாருக்கு ஐந்து நாள் இருக்கும்போது லீவு போட்டுவிட்டு மன்னாருக்குக் கிளம்பினேன். மார்கழி மழையில் மன்னாருக்கா என்று கேட்டவர்களிடம், கூட்டம் இருக்காது என்று மட்டும் சொன்னேன்.

வவுனியாவில் காலை 8.20க்கு பஸ். மன்னார் நகரம் ஏறக்குறைய எண்பது கிலோமீற்றர், 10.45க்கு இறங்கினேன். ஜன்னல் கண்ணாடி மூட மறுத்ததால் இடது தோள் முழுக்க நனைந்துவிட்டது. அங்கிருந்து ஓலைத்தொடுவாய் பன்னிரண்டு கிலோமீற்றர் சொச்சம். பேசாலைப் பக்கம் போகும் பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் ஓட்டோவுக்கு 1,500 ரூபாய் கொடுத்தேன். நீங்கள் அந்த முட்டாள்தனத்தைச் செய்ய வேண்டாம்.

அறை எடுத்திருந்தது றீற்றா அக்கா என்பவர் வீட்டில். தோழி ஒருத்தி ஏற்பாடு செய்திருந்தாள். பெயரைச் சொன்னதும் ஓட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அங்கையோ தங்கப் போறியள், தங்கச்சி? அவவின்ரை மனிசன் அன்ரன் கடலுக்குப் போய்ப் பத்தொன்பது நாள். படகு மட்டும்தான் கரை ஒதுங்கினது. ஆளைக் காணேல்லை."

திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் வாசல் வந்துவிட்டது. "வாங்கோ, நல்லா நனைஞ்சு போனியள்" என்று றீற்றா அக்கா துவாயோடு வந்தார். முன்னறையில் அவருடைய இரண்டு பெண்பிள்ளைகள் பாலன் குடிலுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தார்கள். யாரும் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பின்னேரம் மழை கொஞ்சம் விட்டதும் கோயிலடிக்குப் போனேன். எந்த ஊருக்குப் போனாலும் அறிவித்தல் பலகையைப் படிக்காமல் வர மாட்டேன். சனிக்கிழமை சிரமதானம், மண்வெட்டி கொண்டு வரவும். ஒளிவிழாவில் ஆடும் பிள்ளைகளின் பெயரை ஞாயிறு பூசைக்கு முன் தரவும். அதன் கீழே, அன்று மாலை கரோல் போகும் ஒழுங்கையின் வீடுகள், வரிசை இலக்கத்தோடு. நான் தங்கியிருந்த சின்னத் தெருதான். பதின்மூன்று வீடுகள். போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

தேநீர் குடிக்கும்போது அந்தப் படத்தைக் காட்டி, "அக்கா, லிஸ்ட்ல உங்க வீட்ட விட்டுட்டாங்களே" என்றேன். எழுத்துப்பிழையைக் கண்டுபிடித்தவள் போல! என் வாய்க்கு ஒரு பூட்டுத்தான் போட வேண்டும்.

அவர் படத்தைப் பெரிதாக்கி, ஒன்றிலிருந்து பதின்மூன்று வரை ஒவ்வொன்றாகப் படித்தார். கோப்பையை வைத்துவிட்டு எழுந்து நடந்தார். நான் குடையோடு பின்னால் ஓடினேன்.

அவர் போய் நின்றது மூப்பர் வீட்டில். கோயில் காரியங்களைப் பார்ப்பவரும் கரோலை நடத்துபவரும் அவர்தான்.

"துக்க வீட்டுக்குக் கரோல் போறேல்லைத்தானே, பிள்ளை" என்றார் மூப்பர். "மேளத்தோடை வந்து உன்ரை மனசை நோகடிக்கக் கூடாதெண்டுதான் விட்டனாங்கள்."

"ஆர் சொன்னது துக்க வீடெண்டு? சவப்பெட்டி வந்ததோ? வெள்ளைக்கொடி கட்டினனோ? எல்லாருமாச் சேந்து அவரைச் சாக்காட்டிப் போட்டியளே!"

மூப்பர் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்துக்கொண்டு கோயிலடிக்கு நடந்தார். நனைந்த தாளில் பதின்மூன்றுக்குக் கீழே பதினான்கு என்று போட்டு, அன்ரன் வீடு என்று எழுதினார். நல்ல மனத்தோடு செய்த காரியம் இப்படியும் வெட்டும் என்று அன்றுதான் கண்டேன்.

மாலை 6.40க்கு வந்தார்கள். பதினைந்து பேர் இருக்கும். நத்தார் தாத்தாவின் பஞ்சுத்தாடி மழையில் ஊறித் தொங்கியது. மேளக்காரர் மேளத்தை அடிக்காமல் சும்மா நிற்க, மற்றவர்கள் நோயாளி வீட்டில் பேசுவதுபோல மெதுவாகப் பாடினார்கள்.

"ஏன் மேளம் அடிக்கேல்லை? அடியுங்கோ" என்றார் றீற்றா அக்கா.

அடித்தார்கள். அயல்வீட்டார் வேலியருகே வந்து நின்று பார்த்தார்கள். பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் மூப்பர் அந்த வீட்டாரைப் பேர் சொல்லி ஆசீர் கேட்பது இங்கே வழக்கம். வீட்டுக்காரர் பெயர்தான் முதலில் வரும். மூப்பர் தயங்கினார். றீற்றா அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அன்ரனையும், றீற்றாவையும், அவையின்ரை பிள்ளையளையும் ஆசீர்வதியும், ஆண்டவரே."

எல்லோரும் ஆமென் என்றார்கள், றீற்றா அக்காவைத் தவிர. கேக் தட்டை யாருக்கும் நீட்டாமல் பிடித்தபடியே நின்றார். நான் வாங்கிக்கொண்டேன்.

மார்கழியில் போகிறவர்களுக்கு: குடை காற்றுக்கு நிற்காது, மழை அங்கி கொண்டு போங்கள். அறை காலைச் சாப்பாட்டோடு 3,000 ரூபாய், சுத்தமான அறை. காலையில் மன்னார் நகரத்துக்குத் திரும்ப பஸ் உண்டு. பிரதான வீதிவரை நடக்க வேண்டும். அன்ரனைப் பற்றி நீங்களாக எதுவும் கேட்காதீர்கள், ஆறுதலும் சொல்லாதீர்கள். அன்ரன் இனி வரமாட்டார் என்று றீற்றா அக்காவுக்கும் தெரியும். அதை அவர் வாயால் சொல்லும்வரை, அந்த மனிதருக்கு அந்த வீட்டில் மட்டும்தான் உயிர் இருக்கிறது.