கேட்காமல் விட்ட வார்த்தை

சிபோண்டேயில் யாரும் அவளை நமுகொண்டா என்று கூப்பிடுவதில்லை. மூத்த மகள் பெயர் கசூபா, ஆகவே அவள் பானா கசூபா, கசூபாவின் அம்மா. பிள்ளை பெற்றவளைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு மரியாதை கெட்ட ஊர் இல்லை அது. மிஷன் நர்ஸிங் பள்ளிக்கு டைப் அடிக்க வந்தவள், பதினோரு வருடத்தில் அங்கே கம்ப்யூட்டர் என்று எது இருந்தாலும் அதற்கு வைத்தியம் பார்ப்பவள் ஆகிவிட்டாள். புருஷனுக்கு சோல்வேசியில் செம்புச் சுரங்கத்தில் வேலை. வருடத்துக்கு இரண்டு தடவை வந்து, கூரையை அண்ணாந்து பார்த்து, "ஒழுகுதே" என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டுப் போவான். மற்றபடி மூன்று பிள்ளைகள், சோளத் தோட்டம், சர்வர் அறை எல்லாம் இவள் தலையில்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் பெரிய பானையைத் தலையில் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்பாள். இல்லை என்று சொல்ல அவள் வாய்க்குத் தெரியாது. தங்கமான மனசு என்று ஊரே சொல்லும். அந்தத் தங்கமான மனசுதான் ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள் தலையில் கல்லைப் போட்டது.

சர்வர் அறையில் அவளுடன் வேலை பார்த்தவன் லோம்பே. மகள் பெயர் ரூத், அதனால் பாஷி ரூத், ரூத்தின் அப்பா. ஈரல் வீங்கி, கண் மஞ்சளாகி, மிஷன் ஆஸ்பத்திரியிலேயே ஒரு வியாழக்கிழமை காலையில் இறந்துபோனான். அன்று மத்தியானமே அவன் தம்பி கபாசோ சர்வர் அறை வாசலில் வந்து நின்றான்.

"பானா கசூபா, சாவு வீடு இருட்டா கெடக்கு. காரிபா அணையில தண்ணி இல்ல, கரண்ட் நாளைக்கு மூணு மணி நேரம்கூட வரமாட்டேங்குது. பாட்டுப் பாட வந்தவங்க ஒருத்தரை ஒருத்தர் மிதிச்சுக்கிறாங்க. உங்க பேட்டரிய ரெண்டு நாளைக்குத் தாங்களேன்."

பள்ளியில் நான்கு பெரிய பேட்டரிகள் இருந்தன. மின்சாரம் போனாலும் சர்வர் அணையாமல் இருப்பதற்காகவே வாங்கியவை. வாங்க வைத்தவனே லோம்பேதான். அவன் வீட்டு இருட்டுக்கு அதைக் கொடுக்கமாட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? சர்வரை ஒழுங்காக அணைத்துவிட்டு, பேட்டரிகளைத் தானே கை கொடுத்துத் தள்ளுவண்டியில் ஏற்றினாள். அந்த இயந்திரம் நானூற்றுப் பத்தொன்பது நாளாக ஒரு தடவைகூட அணைந்ததில்லை. அணைத்ததைத் திரும்பப் போட்டால் எழுந்துகொள்ளப் போகிறது, இதில் என்ன என்று நினைத்தாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

சனிக்கிழமை அடக்கம் நடந்தது. திங்கட்கிழமை காலை பேட்டரிகள் திரும்பி வந்தன.

அந்தத் திங்கட்கிழமை சும்மா ஒரு திங்கட்கிழமை இல்லை. கடைசி வருட மாணவிகள் ஒவ்வொருவரும் வார்டில் எத்தனை மணி நேரம் நின்றார்கள், எத்தனை பிரசவம் பார்த்தார்கள் என்ற கணக்கெல்லாம் அந்த சர்வரில் இருந்தது. மாலை ஐந்து மணிக்குள் தலைநகர் லுசாகாவில் இருக்கும் தேர்வு அலுவலகம் பள்ளியின் வெப்சைட்டுக்குள் வந்து அதை எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொண்டால் பிள்ளைகள் பரீட்சை எழுதலாம். இல்லையென்றால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். ஐம்பத்தெட்டுப் பேர். அதில் ஒருத்தி ஃபெலிஸ்டஸ், வகுப்பிலேயே மூத்தவள், முப்பத்தொரு வயது. இரண்டு பிள்ளைகளை லுவிங்குவில் அக்காவிடம் விட்டுவிட்டு வந்து படிப்பவள். டிசம்பர் வரைக்கும்தான் வைத்துக்கொள்வேன் என்று அக்கா கறாராகச் சொல்லியிருந்தாள்.

பத்து மணிக்கு சர்வரைப் போட்டாள். விசிறி சுற்றியது, விளக்கு மினுக்கியது. திரையைப் பார்க்கவில்லை, பேட்டரிக் கம்பிகளை முறுக்கிக்கொண்டிருந்தாள். முறுக்கி முடித்து வந்து வெப்சைட்டைத் திறந்தால் வெறும் வெள்ளைப் பக்கம். வெப் சர்வீஸ் ஓடவில்லை. கமாண்ட் அடித்துத் துவக்கினாள். 'தோல்வி' என்று சிவப்பில் வந்தது. மறுபடி அடித்தாள். மறுபடி சிவப்பு. மூன்றாவது தடவையும் அடித்தாள், அடித்தால் இரக்கப்படும் என்பதுபோல.

வாசலில் ஃபெலிஸ்டஸ் தலையை நீட்டினாள். "வந்துடுச்சா, பானா கசூபா?"

"வரும், வரும். போய் டீ குடி."

"மூணு டீ குடிச்சாச்சு. இனி குடிச்சா நானே மிதப்பேன்."

சிரித்தாள் நமுகொண்டா. அந்தத் திங்கட்கிழமையில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வேறு ஏதாவது புரோகிராம் அந்த சர்வீஸின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. டிஸ்க் பட்டியலை எடுத்து, ஏதாவது நிரம்பிவிட்டதா என்று பார்த்தாள். நிரம்பவில்லை. அந்தப் பட்டியலில் ஏதோ ஒரு வரி குறைகிற மாதிரி இருந்தது, அவசரத்தில் தாண்டிப் போய்விட்டாள். பிறகு முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தாள். இயந்திரம் தானே எழுதி வைக்கும் குறிப்பான லாகை எடுத்து வரி வரியாகப் படித்தாள். சர்வீஸின் கோப்புகள் இருக்க வேண்டிய ஃபோல்டரே இல்லை என்று எழுதியிருந்தது.

இல்லையா? எப்படி இல்லாமல் போகும்? போய்ப் பார்த்தால் ஃபோல்டர் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. துடைத்து வைத்த சட்டி மாதிரி காலி. யாராவது அழித்துவிட்டார்களா? டிஸ்க் பட்டியலுக்குத் திரும்பி ஓடினாள். அப்போதுதான் குறைந்த வரி எது என்று தெரிந்தது. பெரிய டிஸ்க் சேரவே இல்லை. ஒன்றும் அழியவில்லை, அதை இன்னும் திறக்கவில்லை, அவ்வளவுதான்! அப்பாடா என்று பெருமூச்சு விட்டு, டிஸ்கைச் சேர்க்கும் கமாண்டை அடித்தாள்.

பாஸ்வேர்ட் கேட்டது.

கை அப்படியே நின்றுவிட்டது. முந்தின வருடத்துக்கு முந்தின வருடம் பள்ளியில் திருடன் புகுந்து பழைய இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனான். நோயாளிகளின் பெயரும் நோயும் வெளியே போய் ஊர் நாறியது. அதற்குப் பிறகுதான் லோம்பே இந்த டிஸ்கைப் பூட்டினான். பூட்டென்றால் சாதாரணப் பூட்டு இல்லை. வார்த்தை தெரிந்தால் திறக்கும், தெரியாவிட்டால் அதைச் செய்தவனே வந்தாலும் திறக்காது. அலமாரியில் இருந்த காப்பு டிஸ்குக்கும் அதே பூட்டு, அதே வார்த்தை. இயந்திரம் துவங்கும்போது மட்டும் கேட்கும். நானூற்றுப் பத்தொன்பது நாளாகக் கேட்கவில்லை, அவளும் மறந்தே போனாள். இன்று காலையும் ஒன்றரை நிமிடம் கேட்டுக் காத்திருந்திருக்கிறது. அவள் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த வார்த்தை இருந்த தலை சனிக்கிழமை மண்ணுக்குள் போய்விட்டது.

அது மட்டும் என்றால் விதி என்று விட்டுவிடலாம். ஆனால் மூன்று வாரத்துக்கு முன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் சொன்னது நினைவுக்கு வந்து அவளை நாற்காலியோடு அறைந்தது.

"பானா கசூபா, ஒரு பேனா எடு. டிஸ்க் வார்த்தையைச் சொல்றேன், எழுதிக்கோ."

அதற்கு முந்தின நாள்தான் பள்ளி மேலாளர் சிபாஷா வந்து, ஸ்டோர் சாவியை லோம்பேயின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போயிருந்தார். வார்டு முழுக்கக் காறித் துப்பியது. உயிரோடு இருப்பவன் கையிலிருந்து சாவி வாங்குவதும், அவனுக்குக் குழி வெட்டுவதும் அங்கே ஒன்றுதான். கழுகு, பிணம் விழுமுன்னே வந்து உட்காருகிறது என்று கடைத்தெருவில் பேசினார்கள். நமுகொண்டாவும்தான் பேசினாள்.

அந்தக் கோபம் ஆறாத வாயால் லோம்பேயிடம் சொன்னாள்: "வாயைக் கழுவுங்க, பாஷி ரூத்! எனக்கு எதுக்கு உங்க வார்த்தை? நீங்களே எழுந்து வந்து உங்க கையால அடிங்க."

"ஒரு பேச்சுக்குத்தான் சொல்றேன்."

"பேச்சுக்கும் வேண்டாம், மூச்சுக்கும் வேண்டாம். நான் காதைப் பொத்திக்கிட்டேன், பாருங்க."

உண்மையாகவே இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். லோம்பே சிரித்தான். அந்த மஞ்சள் கண்ணோடு சிரித்தான்.

மகள் பெயரை அடித்தாள். மகள் பிறந்த நாளை அடித்தாள். அவன் ஊர், அவன் சபை, அவன் கட்சி கட்டிய கால்பந்து அணி, பெரிய எழுத்தில், சிறிய எழுத்தில், எண் சேர்த்து, எண் சேர்க்காமல். ஒவ்வொரு தடவையும் அந்த இயந்திரம் சில நொடி யோசிப்பதுபோல் நின்று, இல்லை என்றது. அதற்காவது இல்லை என்று சொல்லத் தெரிந்திருந்தது. ஓடிக்கொண்டிருந்தபோது அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் வேறு டிஸ்குக்கு எடுத்து வைத்திருக்கலாம். நானூற்றுப் பத்தொன்பது நாளில் அவளுக்கு அரை மணி நேரம் கிடைக்கவில்லை!

ஒன்றரை மணிக்குச் சாவு வீட்டுக்கு ஓடினாள். ஆண்கள் வெளியே அணைந்த கட்டைகளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கபாசோ எழுந்து வந்தான்.

"அண்ணன் ஏதாவது எழுதி வெச்சிருந்தாரா, கபாசோ? ஒரு வார்த்தை, ஒரு ரகசிய எண், அந்த மாதிரி?"

அவன் முகம் மாறியது. பின்னால் இருந்த சித்தப்பா ஒருவர் கழுத்தை நீட்டினார். "ரகசிய எண்ணா? எந்த எண்? போன்ல போட்டு வெச்ச காசா?"

"காசு இல்லைங்க. பள்ளிக்கூட மிஷினோட பூட்டு."

"மண்ணு காயல, அதுக்குள்ள பூட்டைத் தேடி வந்துட்டாங்களா? பேட்டரி குடுத்தது இதுக்குத்தானா?"

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. பதில் சொல்லி ஜெயிக்கிற இடம் இல்லை அது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். நாற்காலி மேசையெல்லாம் வெளியேற்றிய வெறும் தரையில், பாயில், லோம்பேயின் மனைவி எஸ்னாத் தலையில் துணி கட்டி உட்கார்ந்திருந்தாள். நமுகொண்டா முழங்காலிட்டு, மெதுவாகக் கை தட்டி வணங்கி, பக்கத்தில் உட்கார்ந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எஸ்னாத்தே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க வந்துட்டுப் போன அன்னிக்கு அவர் சாப்பிட்டார், பானா கசூபா. நாலு நாளா வாயில ஒண்ணும் வைக்காதவர், ந்ஷிமாக் களி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வந்தவங்க எல்லாரும் அவர்கிட்ட கடைசியா விடை வாங்கத்தான் வந்தாங்க. நீங்க ஒருத்தர்தான் 'நீங்களே வந்து அடிங்க'ன்னு சொன்னீங்களாம். 'அவ என்னை உயிரோட நினைக்கிறா, எஸ்னாத். காதைப் பொத்திக்கிட்டா'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சார்."

நமுகொண்டா அந்தக் கையை விடவில்லை. இருந்தாலும் பள்ளி வாசலில் நிற்கும் ஐம்பத்தெட்டுப் பேர் நினைவுக்கு வந்தார்கள். கேட்டாள். கேட்கக்கூடாத இடத்தில், கேட்கக்கூடாத நேரத்தில், வெட்கத்தை விட்டுக் கேட்டாள். "அந்த வார்த்தையை உங்ககிட்டயாவது சொன்னாரா?"

"இல்லியே. 'எழுந்து போய் நானே அடிச்சுக்கறேன்'னுதான் சொன்னார்." எஸ்னாத் அவள் முகத்தைப் பார்த்தாள். "அது அவ்வளவு முக்கியமா?"

"இல்ல," என்றாள் நமுகொண்டா. "முக்கியமில்ல."

நாலரை மணிக்கு லுசாகாவுக்குப் போன் போட்டுக் கெஞ்சினாள். எதிர்முனையில் பேசியவன் கெட்டவன் இல்லை, களைத்துப்போனவன். "எத்தனை பேர், அம்மா?" என்று கேட்டான். சொன்னாள். "அடுத்த பரீட்சைக்குப் பார்க்கலாம்," என்றான். ஐந்து மணி ஆயிற்று. ஐந்து மணி ஆவதற்குப் பெரிய ஓசை எதுவும் தேவைப்படவில்லை.

வெளியே போய்ச் சொன்னாள். பேட்டரியைக் கொடுத்தது, காதைப் பொத்திக்கொண்டது, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். சில பிள்ளைகள் அழுதார்கள். சிலர் திட்டினார்கள், திட்டட்டும். ஃபெலிஸ்டஸ் திட்டவில்லை. "சாகப் போறவர்கிட்ட எப்படிக் கேப்பீங்க, நானும் கேட்டிருக்க மாட்டேன்," என்றாள். திட்டியிருந்தால் நமுகொண்டாவுக்குக் கொஞ்சம் தேவலாம்போல் இருந்திருக்கும்.

வார்டுப் பதிவேடுகளைப் புரட்டிக் கணக்கைத் திரும்பச் சேர்க்க ஒரு மாதம் பிடித்தது. புதிய டிஸ்க் வந்தது. அதையும் பூட்டத்தான் வேண்டும், பூட்டினாள். பூட்டிய கையோடு வார்த்தையைக் கொட்டை எழுத்தில் தாளில் எழுதி மடித்து, மேலாளர் சிபாஷாவின் மேசைக்கு எடுத்துக்கொண்டு போய் நீட்டினாள்.

சிபாஷா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "என்னம்மா இது, உயிலா?"

"டிஸ்க் வார்த்தை, ப்வானா. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா…"

"ஐயையோ, நல்லா குத்துக்கல்லு மாதிரி இருக்கீங்க, என்ன பேச்சு இது! ஒரு தடவை படுக்கையில கெடந்தவன்கிட்ட சாவி வாங்கினேன். இன்னிக்கும் கடைத்தெருவுல என்னைக் கழுகுன்னுதான் சொல்றாங்க. உங்க வாயும் சொன்னதுதானே? நான் வாங்கமாட்டேன், தாயே. நீங்களே இருந்து நீங்களே அடிங்க."

அவள் சொன்ன அதே பேச்சு. அதே அன்பு, அதே நல்ல மனசு. நமுகொண்டாவுக்கு அடிவயிற்றிலிருந்து ஆத்திரம் பொங்கியது. மேசையைச் சுற்றிப் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அதிகாரி என்றும் பார்க்கவில்லை, ஆண் என்றும் பார்க்கவில்லை. தாளை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"நான் செத்துடுவேன், ப்வானா. நீங்களும் செத்துடுவீங்க. வாங்கிக்கோங்க."

அவர் மூடிய கையோடு அசையாமல் நின்றார். ஜன்னலுக்கு வெளியே, ஆஸ்பத்திரித் தொட்டியருகில், ஃபெலிஸ்டஸ் நோயாளிகளின் போர்வைகளைக் கூலிக்கு அலசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் ஐந்து மாதம் அதுதான் வேலை.