அக்காவின் முகம் கொண்ட சிலை

விழுப்புரம் ஸ்டேஷனுக்கு அருகே இருந்த பூங்கா, எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் முள்காடாகத்தான் கிடந்தது. இரண்டாவது உலக யுத்தத்துக்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு ஊரில் சிலர் கமிட்டி போட்டு அதைச் சீர்படுத்தினார்கள். முள்ளை வெட்டிக் கிணற்றைத் தூர்வாரி, நடுவில் வட்டமாக ஒரு தொட்டி கட்டினார்கள். வேர்க்கடலைக் கொல்லைகளில் கூலிக்கு மல்லாட்டை பிடுங்கப் போய்க்கொண்டிருந்த அப்பாவுக்கு அங்கே தோட்டக்காரர் வேலை கிடைத்தது.

தொட்டியின் நடுவில், குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றும் பெண்ணின் சிலை வைக்கத் தீர்மானித்தார்கள். புதுச்சேரியிலிருந்து வந்த சிலைக்காரர் இரும்புக் கம்பியால் உருவம் கட்டி, அதன்மேல் சிமெண்டு பூசிக்கொண்டு வந்தார்.

ஒருநாள் மதியம் அக்காவும் நானும் அப்பாவுக்குக் கேப்பைக்கூழ் எடுத்துப் போயிருந்தோம். அக்காவுக்குப் பதினாறு வயது, எனக்குப் பதிமூன்று. சிலைக்காரர் அப்பாவிடம், "கொடத்த இடுப்புல வெச்சா ஒடம்பு எப்படிச் சாயுதுன்னு பாக்கணும். பொண்ண செத்த நேரம் நிக்கச் சொல்றீங்களா?" என்றார்.

அப்பா தயங்கினார். அக்கா என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"போக்கா, சும்மா நில்லு. நான் இங்கதான நின்னுக்கினு இருக்கேன்" என்று அவளை முன்னால் தள்ளிவிட்டது நான்தான். இதை அம்மாவிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை.

மூன்று மதியங்கள் நின்றாள். அப்பா பக்கத்திலேயே இருந்தார். சிலைக்காரர் கேட்டது இடுப்பின் சாய்வைத்தான், எடுத்துக்கொண்டதோ முகத்தையும். சிலையை மூடியிருந்த சாக்கை விலக்கிய அன்று தொட்டியின் நடுவில் அக்கா நின்றாள். அதே மூக்கு, சிரிப்பை அடக்கும் அதே கீழுதடு.

"நான் இவ்ளோ அழகாவாடி இருக்கேன்?" என்றாள். எங்கள் வீட்டில் பாதரசம் போன கையகலக் கண்ணாடி ஒன்றுதான் இருந்தது. அதன்பிறகு ஏதாவது சாக்குச் சொல்லித் தினமும் பூங்காவுக்குப் போனாள்.

தை மாதம் திண்டிவனத்திலிருந்து ஆள் விட்டுப் பெண் கேட்டார்கள். மாப்பிள்ளைக்கு ரைஸ்மில்லில் வேலை. நிச்சயத்தன்று காலை ரயிலில் வந்து இறங்கியவர்கள், நல்ல நேரத்துக்காகப் பூங்காவில் உட்கார்ந்திருந்தார்களாம். வீட்டுக்கு வந்து அக்காவைப் பார்த்ததும் மாப்பிள்ளையின் அம்மா தாம்பூலத் தட்டைத் தொடவேயில்லை.

"அங்க நிக்கிறது இந்தப் பொண்ணுதானா? போறவன் வர்றவன்லாம் பாத்துக்கினு போறான். வேணாம்மா, நாங்க வர்றோம்."

அப்பா ஸ்டேஷன் வரை அவர்கள் பின்னாலேயே ஓடினார். "அது சிமெண்டுங்க, வெறும் சிமெண்டுங்க" என்று சொல்லிக்கொண்டே ஓடினார். அவர்கள் அடுத்த ரயிலில் ஏறிப் போய்விட்டார்கள்.

பேச்சு விக்கிரவாண்டி வரை போனது. வந்த இரண்டு சம்பந்தங்களும் நின்றன. சிலைமீது பூ வீசிவிட்டு, அக்கா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள் சில இளவட்டங்கள். முகத்தை மட்டும் மாற்றித் தரும்படி அப்பா கமிட்டிக்காரர்களிடம் கெஞ்சினார். நன்றாகத்தானே வந்திருக்கிறது, எதற்கு மாற்ற வேண்டும் என்றார்கள்.

ஒரு காலையில் கடப்பாரையால் அவரே அந்த முகத்தை உடைத்துவிட்டு வந்தார். தலைமயிரெல்லாம் சிமெண்டுத் தூள். நிச்சயம் முறிந்தபோதுகூட அழாத அக்கா அன்று உட்கார்ந்து அழுதாள்.

"எதுக்குப்பா ஒடைச்ச? நான் இன்னா தப்பு பண்ணேன்? அது இன்னா தப்பு பண்ணுச்சு?"

அப்பா தலைமயிரிலிருந்த தூளைத் தட்டிக்கொண்டே வாசலுக்குப் போனார். அன்றோடு அவருடைய வேலையும் போயிற்று.

அடுத்த வருஷம், மரக்காணத்தில் உப்பளத்துக்குப் போகிற ஒருவருக்கு அக்காவை இரண்டாந்தாரமாகக் கொடுத்தார்கள். போகும்போது என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்து, பிறகு விட்டாள். தலைப்பிரசவத்தில் தாயும் போனாள், பிள்ளையும் போயிற்று. தகவல் கிடைத்து வண்டி கட்டிக்கொண்டு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் செய்துவிட்டார்கள்.

அவளுக்குப் போட்டோ கிடையாது. பூங்காவில் வேறொரு கொத்தனார் சிலைக்கு யாருடையதோ ஒரு முகத்தைப் பூசிவிட்டார். அப்பா அதன் பிறகு அந்தத் தெருப்பக்கமே போகவில்லை.

யுத்தம் முடிந்த பிறகும் அம்மா அடுப்படியில் திடீரென்று கேட்பாள்: "அவ மூக்கு எப்படிடி இருக்கும்? மறந்து மறந்து போவுது. ஒன்னுது மாதிரியா?"

"இல்லம்மா. அவ என்னைவிட அழகு."

அம்மா என் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பாள்.