காதர் மேஸ்திரியின் நாலடிக் கோல்

காதர் மேஸ்திரியுடன் மண் சுமந்த பெருமக்களே! நீங்களே நம்பமாட்டாத கதையைச் சொல்லப்போகிறேன் என்று கபாலி சாட்சியாக உறுதி கூறுகிறேன்.

முந்தாநாள் அவருடைய மருமகன் என் வாசலில் நின்றான். “மாமா மௌத்தாயிட்டாரு, அடக்கம் முடிஞ்சிது ரைட்டரய்யா. இத்த உங்க கையில குடுக்கச் சொன்னாரு” என்று ஒரு மரக்கோலை நீட்டினான்.

யுத்த காலத்தில் மாம்பலத்துப் பூங்கா ஒன்றில் சர்க்கார் இரண்டு வேலைத் திட்டங்கள் நடத்தியது. வடபாதியில் குண்டுக்கு ஒளியப் பதுங்குகுழி. தென்பாதியில் பெண்கள் வேலைசெய்த காய்கறித் தோட்டம். குழிக்குத் தினக்கூலி பன்னிரண்டு அணா. காய்கறிக்கு எட்டு. இரண்டுக்கும் அவரே மேஸ்திரி. ஆஜர்ப் பட்டியல் எழுதியவன் நான்.

கடப்பாரையே உருகிச் சொட்டிய ஒரு வெயிலில், தோட்டத்துக் கன்னியம்மா என் மேஜையைக் குத்தினாள். அடையாறு வரை அதிர்ந்தது.

“இன்னா ரைட்டரே, அதே மண்ணு, அதே வெயிலு. குழி வெட்றவனுக்குப் பன்னெண்டு, எங்களுக்கு எட்டா? எங்க வேர்வைல இன்னா தண்ணியா கலந்துகீது?”

விதியைப் புரட்டினேன். நாலடி ஆழம் போனால்தான் பதுங்குகுழிக் கூலி.

மேஸ்திரி தாடியைத் தடவினார். “அவ்ளோதானே? தோண்டுங்கம்மா. பூசணிய உள்ள போடுங்க. வெதை இன்னா, மேலதான் மொளைப்பேன்னு அடம் புடிக்குதா?”

சனிக்கிழமை அதிகாரி வந்தார். “யோவ், பதுங்குகுழியில பூசணி எதுக்குய்யா?”

“ஜப்பான்காரன் மேலேருந்து பாப்பான் சார். தோட்டம்னு நெனச்சிக்கினு பூடுவான்.”

அதிகாரி யோசித்து முடிப்பதற்குள் ஒரு பூசணி காய்த்து அவர் தொப்பியளவுக்குப் பருத்துவிட்டது. “ஆழம்?” என்றார்.

மேஸ்திரி தம் கோலைக் கொடுத்தார். ஆழம் குறைந்தால் பெண்களுக்கு எட்டணாதான். மேஸ்திரிக்கு அதுவும் இல்லை, சீட்டுக் கிழியும். கோல் இறங்கியது, அதன் தலை தரைமட்டத்தில் நின்றது. அதிகாரி கையெழுத்திட்டார்.

“சர்க்காருக்கு ரெண்டு திட்டம் இருக்கலாம் ரைட்டரே. அரிசிக்கடைக்காரனுக்கு ஒரே வெலதான்” என்றார் மேஸ்திரி.

பிற்பாடு அந்தப் பூசணியைக் குடைந்து ஒரு குடும்பம் குடியேறியது. வாடகை பேசியவன் நானே.

போகட்டும். கடப்பாரை உருகியது, பூசணிக் குடித்தனம் எல்லாம் என் கைச்சரக்கு. அவருடையதாக என்னிடம் இருப்பது இந்தக் கோல்தான். உச்சியில் சிவப்புச் சாயத்தில் ‘நாலடி’ என்று அவர் கையாலேயே எழுதியிருக்கிறது. நேற்றுத் தையல்காரரின் நாடாவை வாங்கி அளந்துபார்த்தேன்.

மூன்றடி. இது மட்டும் நிஜம்.