வெட்டி எறிந்த ஆறு நொடி

"என் கையால போன ஈசிஜி ஒண்ணுகூட இன்னைக்கு வரைக்கும் திரும்பி வந்தது கெடயாது, கேட்டீரா ஓய்! எமனே வந்து படுத்தாலும் அவனுக்கும் கோடு கோணாம எடுத்துக் குடுப்பான் இந்த அழகியநம்பி!"

மலையாளம் பேசும் பழவங்காடியில் ஒரு சின்ன மருத்துவமனையின் ஈசிஜி அறையை இருபத்திரண்டு ஆண்டுகள் ஆண்டுவந்த அழகியநம்பி, 1998 வரை இந்தப் பிரகடனத்தை வாரம் இருமுறையாவது வெளியிட்டார். நாகர்கோவில்காரர். இருமுகிறவர்கள், சிரிக்கிறவர்கள், 'ஷாக் அடிக்குமா?' என்று கேட்கிறவர்கள், சட்டைப் பித்தானை மெதுவாகக் கழற்றுகிறவர்கள் எல்லாரும் அவருடைய கலைக்கு எதிரிகள். எதிரிகளை அவர் மன்னித்ததில்லை.

கலை என்றது காரணத்தோடுதான். இயந்திரம் நீளமாகத் துப்பும் காகித நாடாவில் அழகான நாலு துடிப்பைப் பார்த்து வெட்டி, அட்டையில் வரிசையாக ஒட்டுவார். ஊசி தாறுமாறாக ஓடிய இடங்கள் கூடைக்குப் போகும். "நம்பி, உன் கார்டு கல்யாணப் பத்திரிகை மாதிரின்னா இருக்கு" என்று பெரிய டாக்டர் வெங்கடகிருஷ்ணன் ஒருமுறை சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு கூடை இன்னும் வேகமாக நிறைந்தது.

அந்த அறைக்குத்தான் மீனு வந்தாள். பதினாறு வயது. அப்பா வேல்சாமி திருநெல்வேலியிலிருந்து வந்து, கணபதி கோயில் எதிரே தேங்காய்க் கடை போட்டவர். பக்தர்கள் தேங்காயை ஓங்கி எறிந்து உடைக்கிற இடம். ஒரு வருடமாக, பக்கத்தில் திடீரென்று சத்தம் கேட்டால் மீனு சுருண்டு விழுந்துகொண்டிருந்தாள்.

வைத்தியத்துக்குப் பஞ்சமே இல்லை. பூக்கடை அம்மிணி, "ஒக்கே அபிநயம்!" என்று, எல்லாம் நடிப்பு என்பதை மலையாளத்தில் கண்டுபிடித்தாள். பள்ளிக்கூடம், கணக்குப் பரீட்சைப் பயம் என்றது. வேல்சாமி சாமிக் குற்றம் என்று தீர்மானித்து, நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்து, மகளையே முன்னால் நிறுத்தி உடைத்தார். பதினேழாவது தேங்காய்க்கு அவள் விழுந்தாள். பக்தி போதவில்லை என்று அறிந்து நேர்ச்சையை இருநூற்றெட்டாக உயர்த்தினார். வெங்கடகிருஷ்ணன் வலிப்பு மாத்திரை எழுதி, ஒப்புக்கு ஓர் ஈசிஜியும் எழுதினார்.

மீனு படுத்திருந்தபோது தலைமாட்டில் இருந்த தொலைபேசி அலறியது. ஊசி காகிதத்தில் பேயாட்டம் ஆடியது.

"அனங்காம கெட பிள்ளே! அசைஞ்சா கோடு கோணும்!" என்று கத்தினார் அழகியநம்பி.

ஆறு நொடி கழித்து ஊசி தானாக அடங்கியது. "மாமா, கண்ணு இருட்டிச்சு" என்றாள் அவள், ஈனமாக.

"கண்ண மூடிட்டுக் கெடந்தா வெளிச்சமா தெரியும்? பேப்பர் முழுக்க நாசம்!"

நாசமானதை வெட்டிக் கூடையில் எறிந்தார். அட்டை அற்புதமாக அமைந்தது. வெங்கடகிருஷ்ணன் அதைக் கண்ணாடி போடாமலே பார்த்தார். "ஹார்ட் பர்ஃபெக்ட். இது மனசு, வேல்சாமி. காலாகாலத்துல கல்யாணத்தப் பண்ணிவை, சரியாயிடும்." பதினாறு வயதுப் பெண்ணின் இதயத்தைக் கல்யாணத்தால் பழுதுபார்க்கும் விஞ்ஞானத்தை இவருக்கு எந்தக் கல்லூரி கற்றுத்தந்ததோ, அதற்கு ஒரு பூட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும்.

மூன்று மாதம் கழித்து, அலாரம் அடித்த ஒரு காலையில், மீனு நீலம் பாரித்து வந்து சேர்ந்தாள். பிழைத்தாள். அவளைப் பார்த்தவர் புதிதாகச் சேர்ந்த டாக்டர் பிரேமா. அவர் வேல்சாமியை உட்காரவைத்துச் சொன்னார்:

"இதயத்துல ஒவ்வொரு செல்லோட சுவர்லயும் பொடிப்பொடி வாசல்கள் உண்டு அண்ணாச்சி. அயனி வாய்க்கால்னு பேரு. ஒரு துடிப்பு முடிஞ்சதும் அந்த வழியா பொட்டாசியம் வெளிய போனாத்தான் அடுத்த துடிப்புக்கு இதயம் தயாராகும். மீனுவுக்கு அந்த வாசல் சரியா திறக்கலையோன்னு எனக்குச் சந்தேகம். இப்படிப் பட்டவங்களுக்குத் திடீர்னு சத்தம் கேட்டா துடிப்பு தறிகெட்டுப் போகும். இந்த வாசலுக்கான மரபணுக் கோளாற மூணு வருஷம் முன்னாலதான் கண்டுபிடிச்சிருக்காங்க."

"அப்போ பிள்ளையாருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லியா டாக்டரம்மா?"

"அவரும் பாவம், அந்தச் சத்தத்துலதான் இருக்காரு."

புதிதாக எடுத்த ஈசிஜியில் துடிப்பின் வால் கொஞ்சம் நீண்டிருந்தது. நோய் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு இல்லை. "இந்தக் கொஞ்சத்த வச்சா நான் எழுதின மருந்த மாத்தணுமாக்கும்? மயக்கம் வந்த நேரத்துல எடுத்த துண்டு ஒண்ணு கொண்டா, பேசலாம்" என்றார் வெங்கடகிருஷ்ணன் பிரேமாவிடம். தன் கையெழுத்தைத் தானே அடிப்பது அவருக்கு மரண தண்டனை. மாத்திரை மாறாவிட்டால் மரணம் மீனுவுக்கு என்பது இரண்டாவது விஷயம்.

பிரேமா நேராக ஈசிஜி அறைக்கு வந்தார். "அன்னைக்குப் போன் அடிச்சப்போ கண்ணு இருட்டிச்சுன்னு மீனு சொல்றா. அந்தத் துண்டு இருக்கா?"

"எந்தத் துண்டு? என் வேலையில குத்தம் கண்டுபிடிக்க வந்தீங்களா? நான் மிஷின தொட்ட காலத்துல நீங்க பால்வாடியாக்கும்!"

"பால்வாடியிலயும் வெட்டி ஒட்டத்தான் சொல்லித் தந்தாங்க" என்று சொல்லிவிட்டுப் பிரேமா போய்விட்டார்.

அழகியநம்பிக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. யாரையாவது திட்டியாக வேண்டும். வேல்சாமி அகப்படுவார் என்று வார்டுக்குப் போனார். மகளின் காதில் பஞ்சு அடைத்துவிட்டு, கதவு படாரென்று சாத்திவிடாதபடி அதைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார் வேல்சாமி. காலையிலிருந்து அப்படித்தான் நிற்கிறாராம்.

மீனு பஞ்சை எடுத்தாள். "மாமா, சத்தியமா அன்னைக்கு நான் அனங்கவே இல்ல."

திட்ட வந்த அழகியநம்பி கதவு அடிக்காமல் பார்த்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

அரைமணி நேரத்தில் வெங்கடகிருஷ்ணன் மேசைமேல் ஒரு வெள்ளைத்தாள் இருந்தது. தொலைபேசி அடித்ததும் ஊசி சுமார் ஆறு நொடி கட்டுக்கடங்காமல் ஓடியது, நோயாளி கண் இருட்டியதாகச் சொன்னாள், அசைந்துவிட்டாள் என்று நினைத்து அந்தப் பகுதியை நான் வெட்டி எறிந்தேன் என்று அதில் எழுதியிருந்தது.

பெரிய டாக்டர் இம்முறை கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். பிறகு மீனுவின் சீட்டை இழுத்து, வலிப்பு மாத்திரையை அடித்துவிட்டு, பிரேமா சொன்ன மருந்தை எழுதினார்.

"இந்த லெட்டர் ஃபைல்ல வேண்டாம் நம்பி. வாயால சொன்னதா இருக்கட்டும். உனக்கும் கௌரவம், நமக்கும் கௌரவம்."

"அந்தப் பிள்ள நாளைக்கு வேற ஆஸ்பத்திரிக்குப் போனா, அங்க என் வாய் இருக்காது சார்."

சத்தமே இல்லாமல் சொன்னார். தாளைத் திரும்ப வாங்கி, விட்டுப்போயிருந்த தேதியைப் போட்டு, கீழே முழுப்பெயரையும் எழுதி, ஃபைலில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.