மிதித்துக் கட்டிய கீரைப் பாத்தி

2006, மாசி மாதம். காலை ஏழு மணிக்குத் திண்டிவனத்தில் ஏறிய பஸ்ஸில் எனக்கு வாய்த்தது சக்கரத்துக்கு மேலே இருக்கும் சீட். முழங்கால் தாடையில் இடித்ததில் பெருமுக்கல் மலையைப் பாதிதான் பார்த்தேன். முப்பத்தைந்து கிலோமீட்டர் குலுங்கி மரக்காணத்தில் இறங்கினால், ஸ்கூட்டியோடு நின்ற கலைவாணி, "பஸ்காரனைத் திட்டி முடிச்சிட்டியா?" என்றாள். என் தோழி, கிராமத்து இளைஞர்களுக்கு ஒரு வாரப் பண்ணைப் பயிற்சி நடத்துகிறவள்.

உப்பளங்களைத் தாண்டியதும் பண்ணை. சுனாமியில் கடல் ஏறிய நிலம். மழைத் தண்ணீரைத் தேக்கித் தேக்கி வடித்து, உரச் செடியான தக்கைப்பூண்டை வளர்த்து மடக்கி உழுது, மண்ணைத் தேற்றியிருக்கிறார்கள். பாடம், வகுப்பு எதுவும் கிடையாது. ஆளுக்கொரு பாத்தி, விதைப்பது முதல் எல்லாம் அவரவர் பாடு.

எல்லாப் பாத்தியிலும் கீரை முளைத்திருந்தது, ஒன்றில் மட்டும் இல்லை. அது செல்வியுடையது. இருபது வயது, உப்பளத்தில் கூலி வேலை. முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"மதியம் எங்கப்பா வர்றாருக்கா. எங்க அரை ஏக்கராவும் இப்படித்தான் உப்பு ஏறிப்போச்சு. எறா வளக்கக் குட்டை வெட்டணும்னு ஒருத்தன் அதை வெலைக்குக் கேக்கறான். இங்க முளைச்சதைக் காட்டினா விக்க மாட்டேன்னு சொல்லியிருக்காரு. இப்ப இன்னாத்தக் காட்டுவேன்?"

பாத்தியில் விரலை விட்டுப் பார்த்தேன். இறங்கவே இல்லை, சிமெண்டுத் தரை!

"பாத்தி கட்டச் சொன்னாங்க. கட்டி, நல்லா மிதிச்சு உட்டேன். மிதிக்கலன்னா தண்ணி உள்ள எறங்கிடாதா?"

கலைவாணி தலையில் கை வைத்துக்கொண்டாள். உப்பளத்துப் பாத்தியை மிதித்து இறுக்கினால்தான் தண்ணீர் நின்று உப்பு விளையும். சொல் ஒன்றுதானே, இந்தப் பெண் என்ன செய்வாள்? "அய்யோ, கட்டச் சொல்லிட்டு நான் அந்தப் பக்கம் போயிட்டேனே" என்று கலைவாணி புலம்பினாள். உள்ளூர் விவசாய வீட்டுப் பையன்கள் சிரித்த சிரிப்பில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போய் உப்பளத்துல ஒரு பாத்தி கட்டிட்டு வந்து சிரிங்கடா!" என்றேன். அடங்கினார்கள். அவர்களில் ஒருவனே, "என் பாத்தியை உன்னுதுன்னு காட்டிடு செல்வி" என்று இறங்கி வந்தான்.

"வேணாம். அப்பாகிட்ட பொய் சொல்ல மாட்டேன்" என்றுவிட்டாள்.

மூன்று மணி வாக்கில் அவள் அப்பா ஏழுமலை சைக்கிளில் வந்தார். மகளின் பாத்தியைக் குதிகாலால் அழுத்திப் பார்த்தார்.

"யாரு மிதிச்சது?"

"நான்தாம்பா."

"சூப்பரா மிதிச்சிருக்க! ஒரு சொட்டு எறங்காது" என்றவர், விஷயம் புரிந்து சிரிக்க ஆரம்பித்தார். நிற்க முடியாமல் குந்திவிட்டார். செல்விக்கோ கண்ணில் தண்ணீர்.

சிரிப்பு அடங்கியதும் பக்கத்துப் பாத்தியின் முளையைத் தடவினார்.

"இதுவும் கடல் ஏறின எடந்தானாம்மா?"

"ஆமாங்க. ரெண்டும் ஒரே மண்ணு" என்றாள் கலைவாணி.

"அப்ப நெலம் நல்லாத்தான் இருக்குது. நம்ம காலுதான் கெடுத்துச்சு."

மம்முட்டியை வாங்கி அவரே பாத்தியைக் கொத்த ஆரம்பித்தார். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் பாத்தி என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அங்கே விற்றுப்போன வயல்களும் நிறைய. சாயங்கால பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, எனக்குக் கிளம்ப மனசே இல்லை. ஸ்கூட்டியில் ஏறும்போது செல்வி தயங்கித் தயங்கிக் கேட்டது காதில் விழுந்தது.

"அப்பா, எறாக்காரன் நாளைக்கு வர்றானே?"

"வரட்டும். வந்தா அவன் கையிலயும் ஒரு மம்முட்டியைக் குடு."