கதவுப் பலகையில் கரையேறாத படகுகள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். முன்னால் நடந்ததைப் பின்னால் போட்டுவிடுவேன், நடுவில் சிலது மறந்தும் போகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லலாம் என்றால் அதற்குக் கூச்சம் விடாது. மீஞ்சூர் மார்க்கெட்டில் அத்தனை வருஷம் மீன் விற்றபோதுகூட நான் கூவி விற்றதில்லை. கூடையை முன்னால் வைத்துக்கொண்டு, யாராவது குனிந்து பார்க்க மாட்டார்களா என்று உட்கார்ந்திருப்பேன். ஆனாலும் இந்த விஷயம் மனதில் கிடந்து அரித்துக்கொண்டே இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

என் தம்பி சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன். வேலையை விட்டு, பெண்சாதியும் போன பிறகு என் வீட்டோடு வந்துவிட்டான். வரும்போது ஒரு பெட்டி நிறையப் பொம்மைச் சிப்பாய்களைக் கொண்டுவந்தான். ஒவ்வொருவனும் சுண்டுவிரல் நகத்தளவு இருப்பான். எப்போதோ நடந்த சண்டையை மேசைமேல் மண்ணும் கடலும் செய்து திரும்ப நடத்திப் பார்க்கிற விளையாட்டாம். கப்பலில் கூட இருந்தவர்கள் ஆடும்போது பார்த்துக் கற்றுக்கொண்டானாம். பகடை உருட்டித்தான் ஆளை நகர்த்த வேண்டும், பகடை உருட்டித்தான் சுட வேண்டும். எங்கள் குப்பத்தில் சிரித்தார்கள். “கெழவனுக்குப் பொம்மை கேக்குதுபா” என்று அவன் காதுபடவே சொன்னார்கள்.

அவன் எடுத்துக்கொண்டது எங்கள் ஊர்ச் சண்டை. நானூறு வருஷத்துக்கு முன்னால் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் வியாபாரத்துக்கு வந்து உட்கார்ந்தார்களாம். அது பொறுக்காமல் சாந்தோம் பக்கமிருந்து போர்த்துகீசியர்கள் வந்து இறங்கி, அவர்கள் இடத்தை அடித்து நொறுக்கினார்களாம். சுனாமிக்கு அப்புறம் வீடு மாற்றியபோது கழற்றிப் போட்ட பழைய கதவை இரண்டு ஐஸ் பெட்டிமேல் படுக்க வைத்தான். நீலத் தார்ப்பாய் கடலானது. கரைக்கு மணல் அள்ளி வந்தவள் நான். தெர்மாகோலில் கோட்டை வெட்டினான். வலை மிதவைகளைச் சீவிப் படகு செய்து நகப்பாலிஷ் பூசினான். கடலிலிருந்து ஏரிக்குள் நுழைய முகத்துவாரத்தையும் விட்டான்.

டச்சுக்காரர்களுக்குத் தளபதி, டவுனில் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் பாய். தம்பியும் அவரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் இதைச் செய்து காட்டலாம் என்று பேச்சு வந்தது. தம்பி மைக் பிடித்துக் கதை சொல்ல வேண்டும். அப்படியானால் அவன் பக்கத்துப் போர்த்துகீசியர் படகுகளை நகர்த்த வேறு ஆள் வேண்டும். “நீதாங்கா” என்று என்னைக் கை காட்டிவிட்டான்.

முடியாது என்றுதான் சொன்னேன். ஆனால் உள்ளுக்குள் ஆசையாக இருந்தது. காரணம் சொல்கிறேன். எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு ஏற்பாடு உண்டு. இன்றைக்கு இந்தக் குப்பம், நாளைக்கு அந்தக் குப்பம் என்று முறை. குப்பத்துக்குள்ளே யாருக்கு எந்த இடம் என்று சீட்டுப் போடுவார்கள். முறை இல்லாதவன், கண்ணெதிரே இறால் துள்ளினாலும் வலையை இறக்கக் கூடாது. அந்தச் சீட்டில் ஆண்கள் பெயர்தான் இருக்கும். என் வீட்டுக்காரர் போனதும், மகன் இல்லாத வீடு என்று எங்கள் பெயரை எடுத்துவிட்டார்கள். அது வழக்கம், நான் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று தம்பி “அக்கா, உன் முறை” என்று முதல் தடவை சொன்னபோது, ஒரு படகையாவது கரையேற்றிவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது.

ஏற்ற முடியவில்லை. ஒரு முறையில் எத்தனை படகை வேண்டுமானாலும் பகடையில் விழுந்த தூரத்துக்கு நகர்த்தலாம், பாய்க்கு ஒரு முறைக்கு ஒரு குண்டுதான். மொத்தமாகத் தள்ளினால் ஒன்றிரண்டு போனாலும் மீதி கரை சேர்ந்துவிடும். எனக்கும் அது தெரியும். ஆனால் கை கேட்காது. முன்னால் போன படகு முகத்துவாரத்தை விட்டு நகரும்வரை அடுத்ததைத் தொட மாட்டேன். பாய் அதைச் சுட்டு மூழ்கடிப்பார். பிறகு அடுத்ததை விடுவேன். அதையும் சுடுவார்.

“இன்னாக்கா நீ! ஒண்ணு ஒண்ணா வுடுற? ரேஷன் கடை க்யூவா இது?” என்று தம்பி தலையில் அடித்துக்கொண்டான்.

“முன்னால கீறவன் எடத்த வுடாம பின்னால கீறவன் எப்பிடி நைனா போவான்?”

“இது சண்டை, அக்கா! சண்டையில ஏது பாடு?”

பாய் சிரித்தார். “ஏன் அக்காவ திட்டுற? எனக்கு ஷோக்காத்தான் கீது. உக்காந்த எடத்துல சுட்டுக்கினே கீறேன்.”

“உனக்கு ஷோக்கு பாய். ஊரு சிரிக்கப் போறது என்னைப் பாத்து” என்றான் தம்பி. “அவங்க எறங்கித்தான் அடிச்சாங்கோ. படகு கரைக்கே வரலன்னா நான் மைக்ல இன்னா சொல்றது?”

அவன் வெளியே போன நேரங்களில் நான் தனியாகப் பழகினேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் நீள ஸ்கேல் ஒன்றை வாங்கி, படகுகளுக்குப் பின்னால் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரே தள்ளாகத் தள்ளுவேன். கண்ணை மூடினால் கை கேட்டது.

விழா அன்றைக்குக் கதவை மீன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். எங்கள் குப்பத்து ஆட்களும் பக்கத்துக் குப்பத்து ஆட்களும் கதவைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். தம்பி மைக்கில் நன்றாகத்தான் ஆரம்பித்தான். “அக்கா, உன் முறை” என்றான். ஸ்கேலை எடுத்து எல்லாப் படகுக்கும் பின்னால் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

“யக்கா, நில்லு நில்லு!” எங்கள் குப்பத்து வலைக்காரர் ஒருவர் கத்தினார். “இன்னா மொத்தமா வுடுற? முன்னால நிக்கிறவன் பாடு அது!”

என் கை அப்படியே நின்றுவிட்டது.

பக்கத்துக் குப்பத்துக்காரர் ஒருவர் குரல் கொடுத்தார். “அவன் பாடு இன்னாத்துக்கு? வடக்கால நிக்கிற செவப்புப் படகுதான் மொதல்ல வந்துது. போன தபாவும் இப்பிடித்தான் எங்க முறைய முழுங்குனீங்கோ.”

“யாருய்யா முழுங்குனது?”

“ஐயா, ஐயா, அது போர்த்துகீசியர் படகு!” தம்பி மைக்கில் கெஞ்சினான். “எந்தக் குப்பத்துதும் இல்ல!”

“எவனா இருந்தா இன்னா? ஏரிக்குள்ள வந்தா பாட்டுக்குக் கட்டுப்பட்டுத்தான் ஆவணும்!”

கை தட்டினார்கள். இரண்டு குப்பமும் ஒன்றாகக் கை தட்டியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். தட்டி முடித்துவிட்டுத் திரும்பவும் சண்டையை ஆரம்பித்தார்கள். பாய் மட்டும் ஆட்டத்தை விடவில்லை. “முறை போவுதுக்கா, முறை போவுது” என்று சொல்லிச் சொல்லிப் பகடை உருட்டிச் சுட்டுக்கொண்டிருந்தார். யாரோ ஓரத்தில் சாய்ந்ததில் கதவு சரிந்தது. மணலும் சிப்பாய்களும் கோட்டையும் சேர்ந்து கடலுக்குள் போயின. என் படகு ஒன்றுகூடக் கரையைத் தொடவில்லை.

திரும்பி வந்து வீட்டு வாசலில் கதவை இறக்கும்போது தம்பி சொன்னான். “அவன் கத்துனா இன்னா, நீ தள்ளியிருக்கலாம்ல?”

அதோடு முடிந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆற்றாமை இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, விழாவில் சண்டை போட்ட அந்த ஆட்களே பாயையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒழுங்காகச் சீட்டுப் போட்டு, முறைப்படி ஆடலாம் என்றார்கள். தம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது. “அக்கா, பேருங்கள எழுது, உன் கையெழுத்தத்தான் படிக்க முடியும்” என்றான். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். வலைக்காரர், பக்கத்துக் குப்பத்துக்காரர், தம்பி, எல்லார் பெயரும் வந்தது. கடைசியில் ஒரு துண்டுக் காகிதம் மிச்சம் இருந்தது. “அவ்ளோதான், மடிச்சுப் போடு” என்றான் தம்பி. அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. டீ வைக்க உள்ளே போனேன்.

நான் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தபோது முன்னால் ஓஹோ என்று சத்தம். முதல் சீட்டு வலைக்காரருக்கு விழுந்திருந்தது. அவர் ஒன்றே ஒன்றை விட்டிருக்கிறார், பாய்க்குப் பகடை சரியாக விழவில்லை, படகு கரையேறிவிட்டது. என்னை ரேஷன் கடை க்யூ என்று திட்டிய அதே தம்பி, “ஒண்ணு ஒண்ணா வந்தாத்தான்யா அழகு” என்று அவர் முதுகில் தட்டிக்கொண்டிருந்தான்.

எல்லாரும் போன பிறகு, “என் பேரு ஏன் இல்ல?” என்று கேட்டே விட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன்.

“நீதானே எழுதுன? எழுதிக்கினு இருக்க வேண்டிதுதானே” என்றான். “அப்பிடியும் சும்மா போட முடியாதுக்கா. நாலு பேரு ஒத்துக்கணும். நீ மொத்தமா தள்ளப் பாத்தத அவங்க இன்னும் பேசறாங்கோ.”

ஆக, ஒன்றொன்றாக விட்டபோதும் நான்தான் தப்பு, மொத்தமாகத் தள்ளப் போனபோதும் நான்தான் தப்பு.

அதனால்தான் கேட்கிறேன். அந்தப் போர்த்துகீசியர்கள் உண்மையில் எப்படி வந்தார்கள், மொத்தமாகவா, ஒருவர் பின் ஒருவராகவா? முகத்துவாரம் வழியாகத்தான் வந்தார்களா? அப்போது கோட்டையே கிடையாது, அது பின்னால் கட்டியது என்று பாய் ஒரு நாள் சொன்னார், அது சரியா? வருஷமும் எனக்குச் சரியாகத் தெரியாது. படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்து, தப்பு இருந்தால் திருத்திச் சொல்லுங்கள். மறுபடியும் சீட்டு எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் துண்டுக் காகிதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதில் என் பெயரை எழுதி அவர்கள் முன்னால் போட, கையில் ஏதாவது ஒரு பிடி வேண்டும்.